ஏணித் தண்டவாளம்

டிராலியில் கடைசி மூட்டையை ஏற்றியதும் மேரிசெல்வி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். கடலுக்கு மேலே கருமேகம் கட்டியிருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது; இனி வானத்தை நம்ப முடியாது. உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாயில் ஏற்கெனவே நான்கைந்து கிழிசல். நின்று பெய்கிற மழை ஒன்று போதும், கோடை முழுக்க மிதித்து வாரிச் சேர்த்ததெல்லாம் கழுவெளி ஏரித் தண்ணீரோடு போய்விடும்.

"இன்னாக்கா, மேலயே பாத்துக்கினு நின்னா மேகம் போயிடுமா? வா, தள்ளு" என்றாள் பொன்னி.

"நான் பாக்குறதாலதான்டி அது அங்கயே நிக்குது."

தையல்நாயகி சிரித்துக்கொண்டே சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவினாள். மூன்று பேரும் குனிந்து தோளைக் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் வெடித்த குதிகால்களில் துணி சுற்றியிருந்தது. டிராலி முதலில் முரண்டு பிடித்து, பிறகு கிரீச்சிட்டு, பிறகு தானாகவே ஓடுவது போல நகர்ந்தது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். நடுவில் ஆள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு மண்கரை. அதன் மேல் தண்டவாளம், கிழக்குக் கடற்கரைச் சாலை வரைக்கும்.

அவர்கள் ஊருக்குச் சைடிங், அதாவது ரயிலின் பக்கப்பாதை, என்று பெயர். ரயிலே வராத ஊருக்கு அப்படி ஒரு பெயர் எப்படி வந்தது என்று மரக்காணத்தில் பஸ் ஏறுகிறவர்கள் கேட்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஓர் உப்புக் கம்பெனி இருந்தது. அது பாத்தியிலிருந்து பக்கிங்காம் கால்வாய்ப் படகுத்துறை வரை இந்தக் குட்டித் தண்டவாளத்தைப் போட்டது. பெரிய ரயில் பாதை சீக்கிரமே கடலோரமாக வரப்போகிறது, வந்ததும் அதோடு சேர்த்துவிடலாம் என்று கணக்கு. பெரிய பாதை இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கிறது. நடுநடுவே யாராவது வந்து சர்வே கல் நட்டுவிட்டுப் போவார்கள். ஆடுகள் முதுகு சொறிய வசதியாக இருக்கும்.

திண்டிவனத்துப் பக்கமிருந்தும் வந்தவாசிப் பக்கமிருந்தும் மூட்டை தூக்க வந்தவர்கள்தான் சைடிங்கின் சனம். சாமியை அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள்; தெருக் கோடியில் ஒரு மாரியம்மன், ரோட்டோரம் ஒரு அந்தோணியார். பேச்சை மட்டும் கம்பெனிக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெண் பார்த்துவிட்டு வருகிறவனைச் "சிக்னல் வுழுந்துச்சா?" என்று கேட்பார்கள். கம்பெனி போய், படகு போய், படகுத்துறை இருந்த இடத்தில் ரோடும் டீக்கடையும் வந்துவிட்டன. தண்டவாளம் மட்டும் போகவில்லை. கழுவெளியை ஒட்டிய கடைசிப் பாத்திகள் குத்தகைக்குக் கிடைத்தபோது, பெண்கள் துருப்பிடித்துக் கிடந்தவற்றில் தேறிய டிராலிகளைத் தூக்கி நிறுத்தி மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு டிராலி வந்துவிட்டால் காலி டிராலிதான் கீழே இறங்க வேண்டும். லோடு வண்டி நிற்காது, பின்னாலும் போகாது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அண்ணன் தம்பி, சம்பந்தி என்று பார்ப்பதும் கிடையாது. மேரிசெல்வியின் புருஷன் ஜான்சன் கல்யாணமான புதிதில், காலி டிராலியோடு மாமனாரின் லோடு வண்டிக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டான். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக்கூட அவனை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. இப்போது அவன் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன். அங்கே வழிவிடுவதற்கு என்றே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று மேரிசெல்வி கேலி செய்வாள்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். எதிரே ரோட்டுப் பக்கமிருந்து ஒரு டிராலி வந்தது. அவர்கள் ஊர் டிராலி இல்லை. புதிதாக நீலப் பெயின்ட் அடித்தது. மேலே இரண்டு கேஸ் சிலிண்டர், சுருட்டிய ரப்பர் குழாய், ஒரு கடப்பாரை. தள்ளிக்கொண்டு வந்தவர்களில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். மூன்றாவது ஆள் பொன்னியின் தம்பி ராஜ்கமல்.

"உன் தம்பிடி" என்றாள் தையல்நாயகி.

"தெரியுது" என்றாள் பொன்னி. வெல்டிங் வேலை கிடைத்திருக்கிறது, எங்கே என்று சொல்ல மாட்டேன் என்று அவன் காலையில் பழைய சோறு சாப்பிடும்போது சொல்லியிருந்தான். அவள் அது ஏதோ புதுச்சேரி ஒர்க்‌ஷாப் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் வெள்ளைச் சட்டையைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தான். பெயர் தேவா, பழைய இரும்பு எடுக்கிற கான்ட்ராக்டர்.

"ஏம்மா, வண்டிய பின்னால எடு. நாங்க அந்தக் கோடிக்குப் போகணும்."

"இன்னாத்துக்கு?" என்றாள் மேரிசெல்வி.

"இந்த லைன எடுக்கப் போறோம். உங்க முதலாளிகிட்ட பேசி வாங்கியாச்சு. அங்கேருந்து கழட்டிக்கினே வந்தா, கழட்டினத இதுலயே தள்ளியாந்து ரோட்ல லாரில ஏத்திடலாம்."

"அவரு எங்க முதலாளி இல்ல."

அது உண்மை. புருஷோத்தமன் கம்பெனி நிலத்தை வாங்கியவர். நடுவிலிருக்கும் பாத்திகளெல்லாம் அவருடையவை. கரையும் அதன் மேல் கிடக்கும் இரும்பும் கிரயத்திலேயே சேர்த்தி. கழுவெளிப் பக்கத்துக் குத்தகைப் பாத்திகள்தான் அவர் கைக்கு வரவில்லை. உப்பு ரோட்டுக்கு வந்துவிட்டால் எந்த வியாபாரிக்கு வேண்டுமானாலும் விற்கலாம். பாத்தியிலேயே கிடந்தால் அவருக்குத்தான் விற்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. ஆடி மாதம் ஆள் அனுப்பி உப்பைத் தனக்கே விற்கச் சொல்லிக் கேட்டார். மேரிசெல்வி முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அதற்குத்தான் இந்த நீல டிராலி என்பது அவளுக்கு அப்போதே விளங்கியது. திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் குவியலைச் சுற்றி மற்றப் பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் முடியும்வரை பாத்தியில் வேலை இல்லை. அந்தக் குவியல்தான் அத்தனை வீட்டுக்கும் சோறு.

"குவியல ரோட்டுக்குக் கொண்டாந்துடுறோம். அப்புறம் எடுத்துக்கோ" என்றாள்.

"அதுவரைக்கும் லாரிக்கு நீ வாடகை குடுப்பியா? இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. பின்னால எடும்மா."

"லோடு வண்டி பின்னால போவாது" என்றாள் பொன்னி. "காலி வண்டிதான் எறங்கணும்."

"இதுலயும் லோடுதான். சிலிண்டர் கண்ணுக்குத் தெரியல?"

"சிலிண்டர் மழையில கரையுமா?"

ராஜ்கமல் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "அவங்க வுட மாட்டாங்கண்ணே. எறக்கிடலாம், ரெண்டு நிமிஷம்" என்றான். ஒடிசாக்காரர்களும் அவனும் சேர்ந்து நீல டிராலியைத் தூக்கிக் கரையோரம் சாய்த்தார்கள்.

"போங்க தாயே" என்று தேவா கையை வீசி வழிகாட்டினான். "வழி வுட்டாச்சு."

பொன்னியும் தையல்நாயகியும் தோளைக் கொடுக்கக் குனிந்தார்கள். மேரிசெல்வி மட்டும் அசையவில்லை. இந்த லோடு போய்விடும். இது போன பிறகு இவர்கள் கோடிக்குப் போய்க் கழற்ற ஆரம்பிப்பார்கள். குவியலில் மிச்சம் கிடப்பது அங்கேயே கிடக்கும். அவள் முட்டுக் கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். டிராலி மேல் ஏறி ஒரு மூட்டையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாம்மா இது? அதான் வழி வுட்டாச்சே, போயேன்."

"லோடு வண்டிக்கு வழி வுடணும்னுதான் வழக்கம். வுட்டவுடனே போயிடணும்னு யாரு சொன்னா? காலு வலிக்குது. கொஞ்ச நேரம் குந்திட்டுப் போறோம்."

பொன்னிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் ஏறி உட்கார்ந்தாள். தையல்நாயகி இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்தாள்.

வெயில் ஏறியது. பாத்திகளிலிருந்து வந்த வெளிச்சத்தில் கண் கூசியது. தேவா போனை எடுத்துக்கொண்டு கரையில் முன்னும் பின்னும் நடந்தான். சிறிது நேரத்தில் புருஷோத்தமனின் மேனேஜர் மணிகண்டன் மோட்டார் சைக்கிளை மெல்ல உருட்டிக்கொண்டு கரை மேல் வந்தார். இரு சக்கர வண்டிக்கு மேல் எதுவும் அந்தக் கரையில் வராது.

"ஏன் மேரி, எதுக்கு இந்த வம்பு? இரும்பு அவரோடது, விக்கிறாரு. குவியலத்தானே பாக்குற? பேசாம அவருக்கே குடுத்துடு. நாளைக்கே ஆளு வந்து அள்ளிக்கும்."

"அவரு சொல்ற வெலைக்கு மழைக்கே குடுத்துடுவேன் சார். அதுக்குக் கும்பிடு போட வேண்டியதில்ல."

"வாயி ரொம்ப நீளுது."

"இது ஒண்ணுதான் சார் இன்னும் அவரு கிரயத்துல சேரல."

அவர் போலீசுக்குப் போன் செய்தார். செய்யும்போது அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினார். மேரிசெல்விக்குப் பயமாகத்தான் இருந்தது. ஸ்டேஷன் படியை அவள் மிதித்ததே இல்லை. ஆனால் பயத்துக்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்திருந்தது. புருஷோத்தமன் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. மழையையும் தனக்குக் கூலியாளாக வைத்துக்கொள்ளப் பார்க்கிற மனுஷனுக்கு எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்று நினைத்தாள்.

ஏட்டு ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வேர்க்க வேர்க்க நடந்து வந்தார்.

"இன்னாம்மா, வேலைய தடுக்கிறீங்களாமே. நகர மாட்டேங்குறீங்கன்னு கம்ப்ளைன்ட்."

"யாரு சார் தடுத்தா? எங்க வண்டியில நாங்க குந்திக்கினு இருக்கோம். அவங்களத் தொட்டோமா? அவரையே கேளுங்க."

ஏட்டு தேவாவைப் பார்த்தார், டிராலியைப் பார்த்தார், மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களைப் பார்த்தார். "லேடி போலீஸ் இல்லாம நான் எதுவும் பண்ண முடியாது. அது வர்ற வரைக்கும் நீங்களும் ஏன் சும்மா நிக்கிறீங்க? அவங்க இருக்கிற எடத்த வுட்டுட்டு முன்ன பின்ன எடுத்துக்கினே போங்க. எத்தினி நேரம் குந்தியிருப்பாங்க?"

தேவாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கோடிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இங்கிருந்தே ரோட்டைப் பார்த்துக் கழற்றிக்கொண்டு போகலாம். முதலில் பின்னால் நாலைந்தைக் கழற்றிவிட்டால் இவர்கள் நடுவழியில் நிற்பார்கள்.

அந்தத் தண்டவாளம் துண்டு துண்டாகச் செய்தது. இரண்டு கம்பி, குறுக்கே நாலைந்து இரும்புப் பட்டை, எல்லாம் சேர்ந்து ஏணி போல ஒரே துண்டு. ஊரில் அதை ஏணி என்றுதான் சொல்வார்கள். ஒரு ஏணியையும் அடுத்த ஏணியையும் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். போல்ட்டெல்லாம் உப்புக் காற்றில் துருவேறி ஒரே கட்டியாகிவிட்டதால்தான் கேஸ் கட்டர். பெண்கள் உட்கார்ந்திருந்த டிராலி இரண்டு ஏணிகளின் இணைப்புக்கு மேல் நின்றது.

ராஜ்கமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிராலிக்குப் பின்னால் முதல் இணைப்பில் குந்தினான். பற்ற வைப்பதற்கு முன்னால் தலையை நிமிர்த்தினான்.

"பொன்னிக்கா, எறங்கு."

"நீ உன் வேலைய பாரு."

"பொறி தெறிக்கும்."

"தெறிக்கட்டும். சேலைதான எரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பற்ற வைத்தான். நீல நெருப்பு சீறியது. துருவின் நாற்றம் பரவியது. இணைப்பு அறுந்து ஏணி லேசாக இறங்கியது. ஒடிசாக்காரர்கள் அதற்குப் பின்னாலிருந்த ஏணியைத் தூக்கிப் பாத்தியில் சாய்த்தார்கள். இன்னும் நாலைந்து ஏணிகள் அப்படியே போயின. குவியலுக்குத் திரும்பும் வழி அறுந்தது.

டிராலிக்கு முன்பக்கம் வந்ததும் ராஜ்கமலின் நெருப்பு அணைந்தது. "கேஸ் தீந்துடுச்சிண்ணே" என்றான்.

தேவா வந்து சிலிண்டரைத் தட்டிப் பார்த்தான், வால்வைப் பார்த்தான். "நீதானே மூடின?"

"இந்த டிராலி நான் வெல்டு வெச்சது. இது முன்னால என்னால முடியாது."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராத."

"நாளைக்கு வர்றதுக்கு இங்க இன்னா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு ராஜ்கமல் கண்ணாடியைக் கழற்றி நீல டிராலியில் வைத்தான். கரையோரம் போய்க் குந்திக்கொண்டான். ஒடிசாக்காரர்களில் மூத்தவன் கட்டரை வாங்கிக்கொண்டான். அவன் அந்தப் பெண்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவனுக்கு வேறு வழி இல்லை.

முன்பக்கம் வேலை மளமளவென்று நடந்தது. ஓர் ஏணியை அறுப்பது, தூக்குவது, மிச்சமிருக்கும் தண்டவாளத்தில் மறுபடி தூக்கி நிறுத்திய நீல டிராலியில் ஏற்றுவது, ரோட்டுப் பக்கம் தள்ளுவது, மறுபடி வருவது. மத்தியானத்துக்குள் முன்னால் ஒரு கூப்பிடு தூரத்துக்கு வெறும் மண்கரை. பட்டைகள் கிடந்த இடத்தில் மட்டும் வரிவரியாகப் பள்ளம். டிராலிக்கு அடியில் இரண்டு ஏணிகள் மட்டும் மிச்சம், முன்னும் பின்னும் எங்கேயும் போகாமல். மணிகண்டன் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது, "குந்திக்கினே இரு மேரி. ரயிலு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காற்று திரும்பியது. குவியல் பக்கமிருந்து மற்றப் பெண்களும் கரை மேல் நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தோணியம்மாள் தண்ணீர்க் குடத்தை நீட்டினாள். மேரிசெல்வி அண்ணாந்து குடித்தாள். குடத்தை இறக்கும்போது முன்னால் ஒடிசாக்காரர்கள் இரண்டே பேர் ஓர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. ரெண்டு பேரால் தூக்க முடிகிற இரும்பு. அவள் குடத்தை வைத்துவிட்டுக் கீழே குதித்தாள்.

"பொன்னி, எறங்கு. வண்டிய முன் ஏணிக்குத் தள்ளு. முழுசா ஏறட்டும்."

"முன்னால தள்ளினா வழி எங்க இருக்குது?"

"பின்னால இருக்குது வா."

மூவரும் தள்ளினார்கள். டிராலி இணைப்பைத் தாண்டி, முன் ஏணியின் நுனியில் வந்து நின்றது. தையல்நாயகி முட்டுக் கொடுத்தாள். பின் ஏணி காலியாகிவிட்டது. மேரிசெல்வி அதன் ஒரு முனையைப் பிடித்து ஆட்டினாள். இணைப்பில் போல்ட் விடவில்லை. அவள் நிமிர்ந்து கரையோரம் பார்த்தாள். ராஜ்கமல் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தான். நீல டிராலியிலிருந்து இறக்கி வைத்திருந்த கடப்பாரையோடு வந்து, போல்ட்டின் தலையில் நாலு போடு போட்டான். துரு உதிர்ந்து, உள்ளே அரித்துப் போயிருந்த அந்தப் போல்ட் தெறித்தது.

"டேய், அது என் கடப்பாரை" என்று தூரத்திலிருந்து தேவா கத்தினான்.

கரையில் டிராலிக்குப் பக்கத்தில் ஏணியோடு நடக்க இடமில்லை. ஆறு பெண்கள் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்கள். முழங்கால் வரை உப்புச் சேறு. வெடித்த பாதங்களில் அது ஏறியபோது அந்தோணியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். டிராலியைச் சுற்றி வந்து, மறுபடி கரையேறி, முன்னால் அந்தப் பள்ளங்களில் பட்டைகளைப் பொருத்தி இறக்கினார்கள். அவை இருந்த இடத்திலேயே போய்ச் சரியாக உட்கார்ந்தன. முட்டுக் கட்டையை எடுத்துவிட்டுத் தள்ளினார்கள். டிராலி ஓர் ஏணி நீளம் நகர்ந்தது.

பின்னால் காலியான ஏணியைத் தூக்கினார்கள்.

தேவா ஏட்டிடம் ஓடி வந்தான். "சார், பாருங்க சார். என் இரும்ப எடுத்து வெளையாடுறாங்க."

"எடுத்துக்கோ" என்றாள் மேரிசெல்வி. தோளில் ஏணியின் கம்பி அழுத்தியதால் குரல் திணறி வந்தது. "நாங்க ரோட்ல எறங்கினதும் உன் ரெண்டு ஏணியையும் எடுத்துக்கோ. உன் இரும்பு எங்களுக்கு வாணாம்."

ஏட்டு நிழலுக்காகத் தலையில் போட்டிருந்த கைக்குட்டையை எடுத்தார். "நகர மாட்டேங்குறாங்கன்னுதானேய்யா கம்ப்ளைன்ட் குடுத்தாங்க. இப்ப நகருறாங்கல்ல" என்றார்.

மூன்றாவது ஏணிக்கு ராஜ்கமல் முன் முனையில் தோள் கொடுத்தான். ஐந்தாவதுக்குத் தூறல் விழுந்தது. தையல்நாயகி டிராலி மேல் ஏறி மூட்டைகளைத் தார்ப்பாயால் இழுத்துப் போர்த்தினாள். காற்று அதன் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டே இருந்ததால் தன் மேல்துண்டைக் கிழித்து அங்கே கட்டினாள். குவியல் பக்கம் மழை வெள்ளையாக இறங்குவது தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் தடுக்கும்.

முன்னால், ரோட்டைப் பார்த்து, இரண்டு ஆட்கள் நனைந்துகொண்டே அடுத்த ஏணியை அறுத்துத் தூக்கினார்கள். பின்னால், முழங்கால் சேற்றில், ஏழு பேர் ஓர் ஏணியைச் சுமந்துகொண்டு லோடு வண்டியைச் சுற்றி வந்தார்கள். முன்னால் போனவர்கள் அறுத்தெடுத்த அதே பள்ளத்தில் இதை இறக்கி வைத்துவிட்டு, மேரிசெல்வி உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருவைச் சேலையில் துடைத்தாள். பிறகு குனிந்து டிராலிக்குத் தோளைக் கொடுத்தாள்.